குளிர்கால ஆற்றில் டிரவுட்: ஃபிளை தூண்டிலோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டிலால் டிரவுட் மீனைத் தேர்ந்த கையோடு பிடிப்பவர்கள்கூட, குளிர்காலத்தில் வெறுங்கையோடு திரும்புவதுண்டு. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. கோடைப் பழக்கங்களை அப்படியே உறைபனிக் காலத்துக்கும் கொண்டுவருவதே காரணம். டிரவுட்டின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்தொடர்கிறது. ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் சுறுசுறுப்பாக இரை தேடும் பிரவுன் டிரவுட் என்ற டிரவுட் வகை, வெப்பம் 4 அல்லது 5 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் செரிமானம் மந்தப்பட்டு, செலவிடும் ஆற்றலைவிடக் கிடைக்கும் இரை மேலானதாக இருந்தால்தான் இடம்விட்டு நகர்கிறது. பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கனத்தை மறப்பதால் நேர்பவை.

விடியலுக்கு முன்பே ஆற்றங்கரைக்குப் போய் நிற்பது அவற்றுள் முதலாவது. இரவெல்லாம் குளிர்ந்த நீர், அந்த நேரத்தில்தான் நாளின் மிகக் குறைந்த வெப்பத்தில் இருக்கும். முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை உள்ள பொழுதே பெரும்பாலும் பலன் தரும். ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் மீனின் நடத்தை மாறுவதைக் காணலாம். காற்றின் வெப்பத்தை மட்டும் நம்புவதும் ஏமாற்றும். கரையெல்லாம் பனி கிடக்கும்போது திடீரென வெயில் அடித்தால், உருகிய பனிநீர் ஆற்றில் கலந்து, பிற்பகலில் நீரை மேலும் குளிரச் செய்துவிடக்கூடும். ஆகவே நீரில் இறக்கிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று, பை நிறைந்த செயற்கைப் பூச்சி வகைகளைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

கோடையில் மீன் நின்ற சலசலப்பான, வேகமான ஓட்டங்களிலேயே மீண்டும் மீண்டும் வீசிக்கொண்டிருப்பது அடுத்த தவறு. குளிரில் டிரவுட் ஆழமான மடுக்களுக்கும், ஓட்டம் தணிந்த வளைவுகளுக்கும், வேகமான நீரும் மெதுவான நீரும் சந்திக்கும் ஓரங்களுக்கும் ஒதுங்கிவிடும். ஊற்றுநீரால் நிறையும் ஆறுகளிலும், நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து நீர் திறந்துவிடப்படும் அணைகளுக்குக் கீழேயும் வெப்பம் அதிகம் ஏறி இறங்காததால், அங்கே மீன் கூடுதலாக இயங்கும். நல்ல மடுவில் பல மீன்கள் ஒன்றாக ஒதுங்கியிருக்கலாம் என்பதால், ஒன்று கிடைத்தவுடன் வேறிடம் தேடி நடப்பது வீண்.

எனினும், சரியான மடுவில் நின்றுகொண்டே தவறவிடுபவர்கள்தான் மிகுதி. பூச்சி மீனின் தலைக்கு மேலே ஓரடி உயரத்தில் கடந்து போகிறது, மீன் அசைவதில்லை, அவர்கள் பூச்சியின் வடிவத்தைக் குறை சொல்லி வேறொன்றைக் கட்டுகிறார்கள். பூச்சியை மாற்றுவதற்கு முன் எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவ்வப்போது தரையைத் தொட்டுச் செல்லும் அளவுக்கு அது இறங்கியிருந்தால்தான் மீனின் முகத்தருகே போகும். இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. கற்களில் உரசிச் செல்வதால் ஆற்றின் அடி ஓட்டம், மேல் ஓட்டத்தைவிட மெதுவானது. எனவே மேற்பரப்பில் கிடக்கும் கயிறும் தக்கையும், அடியில் உள்ள பூச்சியை இயல்புக்கு மீறிய வேகத்தில் இழுத்துச் செல்கின்றன. கயிற்றை அடிக்கடி ஓட்டத்துக்கு எதிராக மடித்துப் போட்டு, தக்கை அருகில் மிதக்கும் நுரைக்குமிழிகளைவிடச் சற்றே மெதுவாக நகரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் கவ்வுவதும் குளிரில் வெட்டென்று தெரியாது. தக்கை ஒரு நொடி தயங்கினாலே கோலை மெல்ல உயர்த்திப் பார்ப்பது நல்லது.

பூச்சியின் அளவில் வரும் பிழை எளிதில் திருந்தக்கூடியது. குளிர்காலம் முழுவதும் ஆற்றில் கிடைக்கும் முக்கிய இரை, மிட்ஜ் எனப்படும் மிகச் சிறிய ஈக்களின் புழுவும் கூட்டுப்புழுவுமே. 18 முதல் 24 எண் வரையிலான கொக்கிகளில் கறுப்பு, சிவப்பு, சாம்பல் நிறங்களில் கட்டியவை போதும். எண் கூடக் கூடக் கொக்கி சிறிதாகும். மேகம் மூடிய மிதமான நாளில் மேஃபிளை எனப்படும் சிறு நீர்ப்பூச்சிகள் வெளிவரக்கூடும். குளிர்காலத்தில் பல ஆறுகளில் நீர் தெளிந்து குறைந்திருப்பதால், பூச்சியைக் கட்டும் நுனி இழையும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றால் இழப்பது ஒரு நாளின் மீன். இனிச் சொல்வதால் இழப்பது ஒரு தலைமுறை மீன். பிரவுன் டிரவுட் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுகிறது. பெண் மீன் வாலால் பரற்கற்களைக் கிளறிக் குழி பறித்து, முட்டையிட்டு, மேலே கற்களைத் தள்ளி மூடுகிறது. பாசி படிந்து கருத்த தரையின் நடுவே வெளிறிய நீள்வட்டத் திட்டாக இது தெரியும். பள்ளத்தில்தான் முட்டை இருக்கும் என்றெண்ணி அதை மட்டும் விலக்கி நடப்பவர்கள், பள்ளத்துக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் உள்ள மேட்டில் கால் வைத்துவிடுகிறார்கள். முட்டைகள் புதைந்திருப்பது அந்த மேட்டில்தான். முட்டையும் பின்னர் குஞ்சும் வசந்தம் வரை கற்களுக்கிடையே இருப்பதால், ஆழமற்ற பரல் பரப்புகளைக் குளிர்காலம் முழுவதும் மிதிக்காமல் விட வேண்டும். முட்டையிடும் காலத்தில் மீன்பிடிக்கவே பல இடங்களில் தடை உண்டு. செல்லும் ஆற்றின் விதியை முன்கூட்டியே கேட்டறிவது கடமை.

பிடித்த மீனை விடுவிப்பவர்கள், படம் எடுப்பதற்காக அதை உறைநிலைக் காற்றில் தூக்கிப் பிடிக்கக் கூடாது. செவுளின் மெல்லிய இழைகள் அந்தக் குளிரில் விரைவில் உறைந்து சேதமடையும். மீனை வலையில் நீருக்குள்ளேயே வைத்து, முள்நாக்கு இல்லாத கொக்கியைக் கழற்றி விட்டுவிடலாம். உலர்ந்த கம்பளிக் கையுறையோடு தொட்டால் மீனின் உடலைக் காக்கும் வழவழப்புப் படலம் உரிந்துவிடும் என்பதால், கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். விரல் மரத்துப்போகும்தான், பிறகு துடைத்துக்கொள்ள ஓர் உலர்ந்த துண்டு போதும்.

கடைசியாக, தன் உடலைப் பற்றிய அலட்சியம். நீர், அதே வெப்பநிலையில் உள்ள காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். நனைந்தால் சூட்டைத் தக்கவைக்காத பருத்தியைத் தவிர்த்து, உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ அணிய வேண்டும். காலுறைகளை இறுக்கமாக அடுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். அழுத்திய கம்பளியால் (ஃபெல்ட்) ஆன அடிப்பகுதி ஒட்டிய காலணியில் பனி திரண்டு கட்டியாகிவிடும். உலோகக் குமிழ் பதித்த ரப்பர் அடிப்பகுதியே ஏற்றது. மார்பளவு நீர்புகா உடையின் மேல் இடைவாரை இறுகக் கட்டியிருந்தால், விழுந்தாலும் உள்ளே நீர் ஏறுவது குறையும். கரையோரப் பனிக்கட்டித் தட்டின் அடியில் ஓட்டம் அரித்திருக்கக்கூடும் என்பதால் அதன்மேல் நடப்பதும், அது உடைந்து மிதந்துவரும்போது கீழே நீரில் நிற்பதும் உயிருக்கே ஆபத்து. துணைக்கு ஒருவரும், வண்டியில் முழுமையான மாற்றுடையும் இல்லாத நாளில், முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காமல் கரையிலிருந்தே வீசுங்கள்.