போன் காரோடு சேரவில்லையா? பட்டரி வயரில் கை வைக்காதீர்கள்

ஒரு நாள் காலை கல்லடியில் இருந்து புறப்படும்போது என் கார் செட், அதாவது பாட்டும் ரேடியோவும் கேட்கும் டேஷ்போர்ட் பெட்டி, புளூடூத்தில் போனை எடுக்கவே இல்லை. முதல் நாள் இரவுவரை நன்றாகப் பாடிய செட். "பட்டரி மைனஸைக் கழற்றிப் பத்து நிமிசம் விடுங்க அண்ணன், எல்லாம் சரியாகும்" என்றார் தெரிந்த தம்பி ஒருவர். கழற்றினேன். திரும்ப மாட்டியதும் திரை முழுக்க ஜப்பான் எழுத்து, நடுவில் ஒரு நீண்ட இலக்கம், கீழே பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி. அதற்குப் பிறகு ரேடியோகூட இல்லை. அந்த இலக்கத்தைக் கொடுத்துத் திறக்கும் கோட் எடுத்துத் தருகிற ஆளைத் தேடிப் பிடிக்கவே மூன்று கிழமை போனது. முதலில் வந்த கோளாறு என்னவென்று பிறகுதான் விளங்கியது. முதல் நாள் இரவு போன் அப்டேட் ஆகியிருந்தது. போனைத் திரும்பச் சேர்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஜப்பானில் இருந்து வந்த டொயோட்டா செட் பலவற்றில் இந்தப் பூட்டு இருக்கிறது. கள்ளனுக்காக வைத்த பூட்டு, பட்டரி கழன்றால் நம்மையும் கள்ளனாகத்தான் பார்க்கும். மேப் எஸ்.டி. கார்டும் அப்படித்தான். பாட்டு ஏற்றலாம் என்று அதைக் கழற்றி அழித்துவிட்டு, செட் "கார்டைப் போடு" என்று கேட்டே நிற்பதைப் பார்த்து முழிப்பவர்கள் நம்மூரில் குறைவில்லை. ஜப்பான் மேப் மட்டக்களப்பில் எதற்கு என்று தோன்றும். வழி பார்க்க உதவாதுதான், ஆனால் செட் உயிரோடு இருக்க அது வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. ஆகவே நம் வீதிகளில் ஓடும் அக்வா, விட்ஸ், வெகன் ஆர், வெசல் பலதிலும் இருப்பது பழைய செட். போனை மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாக மாற்றுகிறோம். பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஆட்கள் அதிகம் விடும் பிழை, போனில் மட்டும் காரின் பெயரை அழிப்பது. முதல் தடவை சேரும்போது போனும் செட்டும் ஒரு இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. போனில் அழித்தால் செட்டில் பழைய சாவி அப்படியே கிடக்கும். அடுத்த தடவை அது பழையதை நீட்டும், போன் மறுக்கும், நாம் செட் பழுது என்போம். இரண்டு பக்கமும் அழியுங்கள், போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், பிறகு புதிதாகச் சேருங்கள். மெனு ஜப்பான் மொழியில் இருந்தால் வேறொரு போனின் கெமராவில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தால் போதும். நம்பர் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. கார் ஓடும்போது பல செட்கள் புதிய போனைச் சேர்க்க விடாது. நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஐந்து போன்வரைதான் நினைவில் வைக்கும் செட்களும் உண்டு. மச்சான், மருமகன், கலியாணத்துக்குக் கார் கேட்டு வாங்கிய ஆள் என்று பட்டியல் நிறைந்திருந்தால் புதியவருக்கு இடமில்லை.

கோல் வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் அது பழுதே இல்லை. புளூடூத்தில் கதைப்பதற்கு ஒரு வழி, பாட்டுக்கு இன்னொரு வழி. போனின் புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள செட்டிங்கைத் திறந்தால் 'மீடியா ஓடியோ' அணைந்திருக்கும். சில பழைய செட்களில் போனாக ஒரு தடவையும் ஓடியோவாக ஒரு தடவையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணினால் குசினியில் கிடக்கும் மனிசியின் போன் முந்திக்கொண்டு சேர்வதும் நடக்கும். புளூடூத் பத்து மீட்டர் அளவுக்குப் போகுமே. ஒரு நாள் அவ அக்காவோடு கதைத்தது முழுக்கக் காருக்குள் கேட்டது. என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். அன்றைக்கே செட்டில் அந்தப் போனை அழித்துவிட்டேன்.

போனின் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் அன்ட்ராய்ட் ஓட்டோ, ஐபோனுக்கான கார்பிளே உள்ளவர்களுக்குக் கேபிள்தான் முதல் சந்தேக நபர். மலிவாக வாங்கும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகிறதே என்று நம்பிச் செட்டைத் திட்டுவோம். ஒரு மீட்டருக்குள் உள்ள நல்ல டேட்டா கேபிளைப் பாவியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போனின் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பாசிக்குடா மணலும் அம்பாறை வயல்களின் அறுவடைத் தூசும் அங்கே குடியிருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். வயர் இல்லாமல் அன்ட்ராய்ட் ஓட்டோ பாவிப்பவர்கள் டேட்டாவில்தானே ஓடுகிறது என்று வைபையை அணைக்கக்கூடாது. செட்டோடு அது பேசுவது வைபையில்தான். இணையத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் வீ.பி.என். செயலி ஓடினாலும் மக்கர் பண்ணும். ஐபோனில் சிரி என்ற குரல் உதவியாளரை அணைத்து வைத்தால் கார்பிளே வரவே வராது.

புளூடூத்தே இல்லாத செட்டுக்கு, போன் பாட்டை ரேடியோவுக்கு அனுப்பும் எப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்குபவர்கள் அதை 100க்கு மேல் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பார்கள். பழைய ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்மூர் நிலையங்களையும் பிடிக்க வைக்கும் பேண்ட் எக்ஸ்பேண்டர் பூட்டாத காரென்றால் 87.5க்கும் 90க்கும் இடையில், நிலையம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

தமிழில் சேமித்த பெயர்கள் செட்டில் சதுரம் சதுரமாக வந்தால் பயப்பட வேண்டாம், அதில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஓடும்போது அடிக்கடி கோல் எடுக்கும் நாலைந்து பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தால் சரி.

இவ்வளவுக்கும் சரிவரவில்லை என்றால், கடைக்குப் போகுமுன் வேறொருவரின் போனைச் சேர்த்துப் பாருங்கள். அது சேர்ந்தால் கோளாறு உங்கள் போனில். செட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். டேஷ்போர்ட்டின் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்தாலே, படுவான்கரைக் கிரவல் வீதியில் இறங்கியதும் கறகற என்று தொடங்கும். என் காரில் இன்னும் நிற்கவில்லை.