சேலத்துக் கனிமங்களில் ஆக்சிஜனேற்ற எண் காணும் முறை

பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்கள் அனைத்தும் அவற்றை வலுவாகக் கவரும் அணுவுக்கே முழுமையாகச் சென்றுவிட்டதாகக் கொண்டால், ஓர் அணுவின் மீது எஞ்சும் மின்சுமையே அதன் ஆக்சிஜனேற்ற எண் ஆகும். இது கணக்குக்காக வைத்துக்கொள்ளும் எண்ணே தவிர, அணுவின் மீது அவ்வளவு மின்சுமை உண்மையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

விதிகளை மனப்பாடம் செய்வோர் அவற்றின் வரிசையைக் கவனிப்பதில்லை. தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. தனித்த நிலையிலுள்ள தனிமத்துக்கு எண் சுழி. சேர்மங்களில் முதலில் ஃபுளூரினுக்கு −1, சோடியம் முதலிய கார உலோகங்களுக்கு +1, மெக்னீசியம், கால்சியம் முதலியவற்றுக்கு +2, அலுமினியத்துக்கு +3 என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஹைட்ரஜனுக்கு +1, கடைசியாக ஆக்சிஜனுக்கு −2 என்று இட வேண்டும். இரண்டு விதிகள் முரண்பட்டால் முந்தையதே செல்லும். இப்படிச் செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனுக்கு −1 என்பதும், சோடியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜனுக்கு −1 என்பதும் தாமாகவே கிடைத்துவிடும். விதிவிலக்குப் பட்டியல் தேவையில்லை. எண்களின் கூட்டுத்தொகை மூலக்கூறுக்குச் சுழியாகவும், அயனிக்கு அதன் மின்சுமையாகவும் இருக்க வேண்டும்.

சேலத்தில் வெட்டி எடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட் ஆகும். மெக்னீசியம் +2, மூன்று ஆக்சிஜனுக்கு −6. எனவே கார்பனுக்கு +4. சூளையில் இதைச் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும் கிடைத்தாலும் எந்த எண்ணும் மாறுவதில்லை. ஆகவே, சூளையில் நடப்பது சிதைவு வினையே, ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை அன்று. சேர்வராயன் மலையின் பாக்சைட்டில் அலுமினியம் +3 என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கஞ்சமலையின் மேக்னடைட் சற்றுக் கடினமானது. மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் கொண்ட இதில் இரும்புக்கு +8/3 என்று விடை வரும். கணக்கு சரியே, ஆனால் அது சராசரி மட்டுமே. உண்மையில் ஓர் அணு +2 நிலையிலும் இரண்டு அணுக்கள் +3 நிலையிலும் உள்ளன.

சேலத்து வெள்ளைக்கல் பகுதியில் சிறிதளவு காணப்படும் குரோமைட்டில், ஓர் இரும்பு, இரண்டு குரோமியம், நான்கு ஆக்சிஜன் உள்ளன. தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடோ ஒன்று. ஆகவே இரும்பு இங்கே +2 என்பதை வேதியியல் அறிவிலிருந்தே பெற வேண்டும். அப்போது குரோமியத்துக்கு +3 கிடைக்கும். இதைச் சோடியம் கார்பனேட்டுடன் காற்றில் வறுத்துச் சோடியம் குரோமேட் ஆக்கும்போது குரோமியம் +6 நிலைக்கும் இரும்பு +3 நிலைக்கும் உயர்வதால், ஒரு குரோமைட் அலகு இழப்பவை ஏழு எலக்ட்ரான்கள். குரோமியத்தின் ஆறை மட்டும் எண்ணி இரும்பின் ஒன்றை விட்டுவிட்டால், சமன்பாடு எவ்வளவு முயன்றாலும் சமனாகாது.