சிம்சோன் கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, "வாலிபர் கூட்டத்தில் முதல்முறையாகப் பேசுகிறேன் அண்ணன், ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்று தன் குறிப்பை நீட்டினான். மேலே பெரிய எழுத்தில் 'தெலீலாளின் மடி' என்று எழுதியிருந்தது. இருபது வருடங்களுக்கு முன் நான் கொடுத்த முதல் செய்திக்கும் ஏறக்குறைய இதே தலைப்புதான். உள்ளே புரட்டினால், நான் செய்த அத்தனை தவறுகளும் அதே வரிசையில் நின்றன.

வேதாகமத்தில் சிம்சோன் கதை நியாயாதிபதிகள் 13 முதல் 16 வரை நான்கே அதிகாரங்கள்: மகா பலசாலியான சிம்சோன், அவன் பலத்தின் ரகசியம் தலைமயிரில் என்று அறிந்து அவனை எதிரிகளான பெலிஸ்தரிடம் ஒப்புக்கொடுத்த தெலீலாள். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, சிம்சோனின் ஊரான சோராவையும் தெலீலாள் இருந்த சோரேக்கையும் குழப்புவது எல்லாம் நாலு முறை பேசினால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பெண்களை ஒருத்தியாக்குவது

16:1இல் வருகிறவள் காசா பட்டணத்து வேசி. 16:4இல் "அதற்குப்பின்பு" என்று தொடங்கித்தான் தெலீலாள் வருகிறாள். ஊரும் வேறு, ஆளும் வேறு. மூன்று வசன இடைவெளியில் இருப்பதால் முன்னவளின் தொழிலைப் பின்னவளுக்கு ஒட்டிவிடுகிறோம். தெலீலாள் என்ன செய்து பிழைத்தாள் என்று வேதம் சொல்லவில்லை.

அவள் பெலிஸ்தப் பெண் என்று அடித்துச் சொல்வது

அதுவும் வசனத்தில் இல்லை. சோரேக் பள்ளத்தாக்கு இஸ்ரவேலருக்கும் பெலிஸ்தருக்கும் இடையிலான எல்லைப் பகுதி. சிம்சோனின் சொந்த ஊரான சோரா அதன் ஓரத்து மேட்டில் இருந்தது. அங்கே இரு தரப்பாரும் நடமாடியிருப்பார்கள். சிம்சோன் கதையில் வரும் பெண்களில் பெயர் சொல்லப்பட்டவள் இவள் ஒருத்திதான். பெற்ற தாய்க்குக்கூட அங்கே பெயர் கிடையாது, மனோவாவின் மனைவி, அவ்வளவுதான். தெலீலாளை மட்டும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி என்று எந்த ஆணோடும் முடிச்சுப் போடாமல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது வருடக்கணக்காகக் கண்ணில் படவே இல்லை.

பெயருக்கு அர்த்தம் சொல்வது

சிம்சோன் என்றால் சூரியன், தெலீலாள் என்றால் இரவு என்று கைதட்டல் வாங்கலாம். முதல் பாதி பரவாயில்லை. இரண்டாவது, இரவைக் குறிக்கும் 'லைலா' என்ற எபிரெயச் சொல்லோடு வெறும் ஓசைப் பொருத்தம்.

பழி முழுவதையும் அவள் தலையில் கட்டுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அந்த முதல் செய்தியில் நாற்பது நிமிடம் பேசினேன் என்றால் முப்பது நிமிடம் தெலீலாள்தான். அவள் கண்ணை வர்ணித்தேன், குரலை வர்ணித்தேன், வாசனைத் தைலத்தைக்கூட விடவில்லை. ஒன்றுக்கும் வசனம் கிடையாது. "உன் வாழ்க்கையிலும் ஒரு தெலீலாள் வருவாள், தம்பி" என்று முடித்தேன். பலமாக ஆமென் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்தச் சபையில் ஒரு நிச்சயம் முறிந்திருந்தது. பையன் முன்வரிசையில் இருந்தான். பெண் தன் தாயோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேசும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. அடுத்த வாரம் முதல் அவளுக்கு தெலீலாள் என்றே பெயர் விழுந்தது. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வேறு ஆலயத்துக்குப் போய்விட்டது. நிச்சயம் ஏன் முறிந்தது, யார் முறித்தார்கள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

அன்று கூட்டம் முடிந்ததும் பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, சிம்சோனை முதலில் கட்டி ஒப்புக்கொடுத்தது யார்?" தெலீலாள் என்றேன். "போய்ப் பதினைந்தாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

படித்தேன். யூதா மனிதர்கள் மூவாயிரம் பேர் ஏத்தாம் கன்மலைக்குப் போகிறார்கள். பெலிஸ்தர் நம்மை ஆளுகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா, எங்களை ஏன் மாட்டிவிட்டாய் என்று சிம்சோனைக் கேட்கிறார்கள். பிறகு இரண்டு புதுக் கயிறுகளால் அவனைக் கட்டிப் பெலிஸ்தரிடம் கொண்டுபோகிறார்கள். சொந்த ஜனம். வெள்ளிக்காசு வாங்கவில்லை, பயந்தார்கள். இந்த மூவாயிரம் பேரை வைத்து யாராவது ஒரு முழுச் செய்தி கொடுத்து நான் கேட்டதில்லை.

அந்தக் கயிற்றைக் கவனியுங்கள். பெலிஸ்தரிடம் கொண்டுபோன லேகி என்ற இடத்தில் அவன் கையில் அவை நெருப்புப் பட்ட நூல்போல் அறுந்தன. பின்னால் தெலீலாள் இரண்டாம் முறை கேட்கும்போது, புதுக் கயிறுகளால் கட்டினால் பலவீனனாவேன் என்கிறான். மூவாயிரம் பேர் கட்டிப் பார்த்துத் தோற்ற வித்தையையே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்! பச்சை நார்க் கச்சை, புதுக் கயிறு, தறியின் பாவோடு சேர்த்து நெய்த ஏழு ஜடைகள் என்று மூன்று முறை பொய் சொன்னவன் அவன்தான். அவளோ முதல் கேள்வியிலேயே, உன்னைச் சிறுமைப்படுத்த எதினாலே கட்டலாம் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டாள். 'வஞ்சகி' என்று தொண்டை கிழியக் கத்திய நான் இந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன்!

அதற்கு முன் திம்னாத் ஊரில் சிம்சோன் மணந்த பெலிஸ்தப் பெண்ணையும் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அவளிடமும் ஆண்கள்தான் வந்தார்கள். "நயம்பண்ணு" என்று 14:15இல் அவளுக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் 16:5இல் தெலீலாளுக்கும் சொல்கிறார்கள். அவளுக்கு மிரட்டல்: சிம்சோன் விருந்தில் போட்ட விடுகதைக்கு விடை வாங்கித் தராவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் சுட்டெரிப்போம். ஏழு நாள் அழுது வாங்கித் தந்தாள். பிறகு சிம்சோன் நரிகளின் வாலில் பந்தம் கட்டி அவர்கள் பயிரைக் கொளுத்த, அவர்கள் அந்தக் கோபத்தில் அவளையும் அவள் தகப்பனையும் சுட்டெரித்தார்கள். அதே பெலிஸ்தரின் தலைவர்கள் தெலீலாளின் வாசலுக்கு வரும்போது மிரட்டவில்லை; பணம் பேசினார்கள். ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு. 3:3இல் சொல்லியிருக்கும் ஐந்து அதிபதிகளும் வந்திருந்தால் 5,500. அடுத்த அதிகாரத்தில் மீகா என்பவன் தன் வீட்டுக்கு ஆசாரியனாக வைத்துக்கொண்ட லேவியனுக்குச் சம்பளம் வருடத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு. அந்தக் கணக்கில் பார்த்தால் அது 550 வருடச் சம்பளம். இந்தத் தொகையைச் சபையில் சொல்லிப் பாருங்கள். பணம் கொடுத்தவர்களைப் பற்றிக் கேள்விகள் வர ஆரம்பிக்கும்.

கடைசியாக சிம்சோனின் மனம். திம்னாத்தில் அழுத பெண்ணும் சோரேக்கில் அலட்டிய பெண்ணும் ஒரே விதமாகத்தான் கேட்டார்கள்: என்மேல் அன்பு இருந்தால் இதை ஏன் மறைக்கிறாய்? முதல் முறை என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் நான்காம் முறை தன் இருதயம் முழுவதையும் திறந்து காட்டினான். அது பைத்தியக்காரத்தனமா, திமிரா, காதலா? அவன் அவளை நேசித்தான் என்று எபிரெய மூலம் நேரடியாகவே சொல்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது "சிநேகமாயிருந்தான்" என்று வெட்கத்தோடு நிற்கிறது. அவள் அவனை நேசித்தாள் என்று எங்கும் இல்லை. ஆகவே அவள் காதலுக்குத் துரோகம் செய்தாள் என்று நாம் சொல்லும்போது, இல்லாத ஒரு காதலை முதலில் நாமே எழுதிச் சேர்க்கிறோம்.

அவளைத் தியாகியாக்குவது

மேலே உள்ளதைப் படித்துவிட்டு மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு. மிரட்டப்பட்ட ஏழை, தன் ஜனத்துக்காகப் போராடியவள் என்று. அதற்கும் வசனம் இல்லை. பணம் பேசியவர்களுக்கு அவள் இணங்கினாள், தன் மடியில் தூங்கியவனை ஒப்புக்கொடுத்தாள். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நசரேயனின் (தேவனுக்கென்று பிரித்துவைக்கப்பட்டவனின்) மூன்று விரதங்களையும் உடைத்தான் என்பது

13ஆம் அதிகாரத்தில் திராட்சரசமும் தீட்டான உணவும் தாய்க்கு விலக்கப்படுகின்றன. பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லப்படுவது தலைமயிர் ஒன்றுதான். மற்றதை எண்ணாகமம் 6இல் உள்ள நசரேய விதிகளிலிருந்து கொண்டுவருகிறோம் என்றால் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

மீகாவின் தாய்தான் தெலீலாள் என்பது

17:2இலும் மீகாவின் தாயுடைய பணமாக 1,100 வெள்ளிக்காசு வருகிறது. தொகை ஒன்றானால் ஆளும் ஒன்றாகிவிடுமா?

கத்தரிக்கோல்

வசனத்தில் இருப்பது சவரகன் கத்தி. அதைப் பிடித்ததும் அவள் அல்ல, அழைக்கப்பட்ட ஒருவன் என்றே நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. கத்தரிக்கோல் ஓவியங்களிலிருந்து வந்தது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, 1609–10 வாக்கில் ரூபன்ஸ் தீட்டிய படத்திலும் கத்தரிக்கோல்தான். ஆனால் அதில் ஒன்றைச் சரியாகப் பார்த்திருக்கிறார்: முடியை வெட்டுகிறவன் ஒருவன், மெழுகுவர்த்தி பிடித்திருப்பவள் ஒரு கிழவி, கதவருகே காத்து நிற்பவர்கள் வீரர்கள். தெலீலாளின் கை அவன் முதுகின்மேல் இருக்கிறது. அந்தப் படத்தைத் தம்பியின் கைப்பேசியில் காட்டி, "இந்த அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுக் குறிப்பைத் திருப்பி எழுது" என்று சொல்லி அனுப்பினேன்.