செஷன் அமைப்புகள்: யாருக்கு, எதுவரைக்கும்?

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் மாதாந்தர அறிக்கை ஒன்று பாதியிலேயே அறுந்துகொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு க்வெரி (தரவைக் கேட்கும் கட்டளை) 30 வினாடிக்கு மேல் ஓடக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தோம், அறிக்கைக்கு அது போதவில்லை. அதன் தொடக்கத்தில், அந்த வரம்பை வைக்கும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டைப் பூஜ்யமாக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். அறிக்கை ஒழுங்காக வந்தது. சில நாள் கழித்து, அறிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தேடல் பக்கம் சில நேரம் 30 வினாடியில் பிழை காட்டியது, சில நேரம் முடிவே இல்லாமல் ஓடியது. இரண்டும் ஒரே குறியீடு, ஒரே க்வெரி. செயலியை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும், அடுத்த அறிக்கைக்குப் பிறகு மறுபடியும் வந்துவிடும்.

காரணம் அந்த ஒரு வரிதான். செஷன் என்பது டேட்டாபேஸோடு கனெக்ஷன் தொடங்கியதிலிருந்து அது அறுபடும் வரை. ஒவ்வொரு வேலைக்கும் புதுக் கனெக்ஷன் திறந்து மூடினால் கவலையில்லை, அமைப்பும் அதோடு போய்விடும். ஆனால் பெரும்பாலான செயலிகள் கனெக்ஷன் பூல் வைத்திருக்கின்றன. பூலில் நாம் மூடுகிற கனெக்ஷன் உண்மையில் மூடப்படுவதில்லை, அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது. நாம் மாற்றிய அமைப்பும் அதன் மேலேயே இருக்கிறது. என் அறிக்கை தொட்ட கனெக்ஷன்களில் வரம்பு போய்விட்டது, மற்றவற்றில் அப்படியே இருந்தது. எது யாருக்குக் கிடைக்கும் என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம்.

அதனால் எந்த அமைப்பைத் தொடும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன்: இது யாருக்குப் பொருந்தும், எதுவரைக்கும் இருக்கும்?

போஸ்ட்கிரெஸில் இதற்கு நல்ல வழி உண்டு. அமைப்பை மாற்றும் வெறும் செட் கட்டளைக்குப் பதில் செட் லோக்கல் என்று கொடுத்தால் மாற்றம் அந்த டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகவே நிறைவேறும், இல்லையேல் ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுதி) முடியும்வரைதான், கமிட் ஆனாலும் (உறுதியானாலும்) ரோல்பேக் ஆனாலும் (ரத்தானாலும்) பழைய மதிப்பு திரும்பிவிடும். ஆனால் இதிலும் பலர் விழும் ஒரு குழி இருக்கிறது. டிரான்ஸாக்ஷன் தொடங்காமல் செட் லோக்கல் கொடுத்தால் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், அமைப்பு மாறாது. அந்த எச்சரிக்கையை, செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் பல டிரைவர்கள் கண்ணில் காட்டுவதே இல்லை. இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு: டிரான்ஸாக்ஷனுக்குள் சாதாரண செட் கொடுத்து அந்த டிரான்ஸாக்ஷன் ரோல்பேக் ஆனால் அமைப்பும் சேர்ந்து பின்வாங்கிவிடும்.

‘வேலை முடிந்ததும் நானே ரீசெட் செய்துவிடுகிறேனே’ என்று தோன்றலாம். நடுவில் பிழை வந்தால் அந்த வரி ஓடாது. பிழை வந்தாலும் ஓடும் இடத்தில் வைத்தாலும், பிழைபட்ட டிரான்ஸாக்ஷனுக்குள் போஸ்ட்கிரெஸ் வேறு எந்தக் கட்டளையையும் ஏற்காது. முதலில் ரோல்பேக், அப்புறம்தான் ரீசெட்.

செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று பூலை நடத்தும் பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை பூலர் டிரான்ஸாக்ஷன் முறையில் (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் ஏதோ ஒரு கனெக்ஷன்) ஓடினால் நிலைமை இன்னும் மோசம். நாம் கொடுத்த செட் ஒரு சர்வர் கனெக்ஷனுக்குப் போகும், அடுத்த க்வெரி வேறொன்றுக்குப் போகும். நமக்கு வேண்டிய அமைப்பு நமக்குக் கிடைக்காது, கேட்காத ஒருவருக்குக் கிடைக்கும். கனெக்ஷனைத் துடைத்துக் கொடுக்கும் டிஸ்கார்ட் ஆல் கட்டளை அதில் இயல்பாக செஷன் முறையில் மட்டுமே ஓடும். அங்கே செட் லோக்கலைத் தவிர வேறு எந்த செட்டையும் நம்பக்கூடாது.

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் செட் லோக்கல் என்று எழுதினால் அது செட் செஷன் என்பதற்கே மறுபெயர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மாற்றம் செஷன் முழுக்க இருக்கும். ஒரே க்வெரிக்கு மட்டும் மாற்ற வேண்டுமானால் 8.0 பதிப்பிலிருந்து செட்_வார் என்ற குறிப்பை அந்த க்வெரிக்குள்ளேயே எழுதலாம்.

நினைவகத்தைத் தாராளமாக ஏற்றுவது

போஸ்ட்கிரெஸில் க்வெரி வேலைகளுக்கான நினைவக வரம்பான வொர்க்_மெம் இயல்பாக 4 எம்பி. ஒரு க்வெரி தற்காலிகக் கோப்புகளை வட்டில் எழுதுவதைப் பார்த்ததும் அதை 256 எம்பி ஆக்கச் சொல்லும் அறிவுரை உடனே கிடைக்கும். அந்த அளவு ஒரு செஷனுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது க்வெரிக்குள் நடக்கும் ஒரு சார்ட்டுக்கு (வரிசைப்படுத்தல்), ஒரு ஹாஷுக்கு (பொருத்தவோ தொகுக்கவோ உதவும் தற்காலிக அட்டவணை). ஒரே க்வெரியில் இப்படி மூன்று வேலைகள் இருந்து, நூறு செஷன்கள் ஒரே நேரத்தில் அதை ஓட்டினால் 76,800 எம்பி வரை கேட்கக்கூடும், அதாவது 75 ஜிபி. 15-ஆம் பதிப்பிலிருந்து ஹாஷ் வேலைகளுக்கு இயல்பாகவே வொர்க்_மெம்மைப் போல இரண்டு மடங்கு அனுமதி. ஒரே க்வெரியைப் பங்கிட்டு இணையாக ஓடும் வொர்க்கர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. சர்வர் விழுவது பெரும்பாலும் சோதனையில் அல்ல, கூட்டம் சேரும் நேரத்தில்.

அறிக்கைக்கு மட்டும் கூடுதல் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு யூசரை உருவாக்கி, ஆல்டர் ரோல் மூலம் அந்த யூசருக்கு மட்டும் ஏற்றுங்கள். டைம்அவுட்டுக்கும் இதே வழிதான். என் அறிக்கைச் சிக்கலும் கடைசியில் இப்படித்தான் தீர்ந்தது. இது புது செஷன்களுக்குத்தான் பொருந்தும் என்பதையும், வேறு பெயரில் உள்ளே வந்து செட் ரோல் மூலம் மாறினால் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளோபலை மாற்றிவிட்டுக் காத்திருப்பது

மைஎஸ்க்யூஎல்லில் சர்வர் முழுவதற்குமான மதிப்பை மாற்றும் செட் குளோபல் கொடுத்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களின் சொந்த மதிப்பு மாறாது. பூலில் உள்ள கனெக்ஷன்கள் பழைய மதிப்போடுதான் ஓடும். கூடவே இன்னொரு குழப்பம்: ஷோ வேரியபிள்ஸ் இயல்பாகக் காட்டுவது உங்கள் செஷனின் மதிப்பை. அதனால் மாற்றிய நீங்களே பார்த்தாலும் பழையதுதான் தெரியும், ‘வேலை செய்யவில்லை’ என்று மறுபடி மறுபடி மாற்றுவீர்கள். சர்வர் மறுதொடக்கம் ஆனால் செட் குளோபல் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் 8.0-இல் வந்த செட் பெர்சிஸ்ட் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தடுமாறினால் பிஜி_செட்டிங்ஸ் வியூவில் சோர்ஸ் என்ற பத்தியைப் பாருங்கள். கோப்பா, டேட்டாபேஸா, யூசரா, செஷனா என்று அதுவே சொல்லிவிடும்.

தரவைக் கெடுக்கும் தவறுகள்

இதுவரை சொன்னவை வேகத்தையும் நிலைத்தன்மையையும் பாதிப்பவை. இனி வருபவை எனக்கு உண்மையில் பயம் தருபவை, ஏனென்றால் இவை சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கின்றன.

மைஎஸ்க்யூஎல்லில் குரூப் பை (வரிசைகளைத் தொகுக்கும் பகுதி) பிழை ஒன்றைத் தவிர்க்க, விதிகளின் கண்டிப்பைத் தீர்மானிக்கும் எஸ்க்யூஎல்_மோடை வெற்றாக்கும் வழக்கம் முதலாவது. அது பல மோடுகளின் பட்டியல். புது மதிப்பு கொடுத்தால் பட்டியல் முழுவதும் மாற்றப்படும். ஒன்றை நீக்கப் போய், 5.7-இலிருந்து இயல்பாக இருக்கும் கண்டிப்பான மோடையும் சேர்த்து நீக்கிவிடுவோம். அப்புறம் நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டுச் சேமிக்கப்படும், எச்சரிக்கையோடு மட்டும்.

பெரிய அளவில் தரவு ஏற்றும்போது ஃபாரின்_கீ_செக்ஸை, அதாவது ஒரு வரிசை சுட்டும் தாய் வரிசை உண்மையில் இருக்கிறதா என்ற சோதனையை, அணைப்பது இரண்டாவது. அணைப்பதில் தவறில்லை. திரும்ப இயக்கியதும் மைஎஸ்க்யூஎல் இடையில் நுழைந்த வரிசைகளைச் சரிபார்க்கும் என்று நம்புவதுதான் தவறு. அது சரிபார்க்காது. தாய் வரிசை இல்லாத பிள்ளை வரிசைகள் அப்படியே தங்கிவிடும், அவற்றை நாம்தான் க்வெரி எழுதித் தேட வேண்டும். எஸ்க்யூலைட்டில் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே ஃபாரின் கீ சோதனை இயல்பாகவே அணைந்திருக்கிறது, ஒவ்வொரு கனெக்ஷனிலும் தனித்தனியாக இயக்க வேண்டும், டிரான்ஸாக்ஷன் நடுவில் இயக்கினால் எந்த விளைவும் இல்லை.

நேர மண்டலத்தில் போஸ்ட்கிரெஸ் ஒரு விசித்திரமான பொறி வைத்திருக்கிறது. யூடிசி+3 என்று எழுதினால் கிழக்கே மூன்று மணி என்றுதானே நினைப்போம்? யூனிக்ஸ் தரமான பாஸிக்ஸின் மரபுப்படி அது மேற்கே மூன்று மணி. ஆறு மணி நேரம் தவறிப்போகும். கண்டம், நகரம் சேர்த்த மண்டலப் பெயரையே கொடுங்கள்.

எழுத்துக்குறியாக்கத்தில் மைஎஸ்க்யூஎல்லின் யூடிஎஃப்8 என்ற பழைய பெயர் மூன்று பைட் வரைக்கும்தான் தாங்கும். நாம் புழங்கும் தமிழ் எழுத்துகள் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டில் அடங்குவதால் தமிழில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். நான்கு பைட் வேண்டிய இமோஜி வரும் நாளில்தான் உடையும். யூடிஎஃப்8எம்பி4 என்றே வையுங்கள், செஷனிலும் டேபிளிலும்.

நேர வரம்புகள்

அலகைக் கவனிக்காதது ரொம்பச் சாதாரணமான தவறு. போஸ்ட்கிரெஸில் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டுக்கு அலகில்லாமல் 30 என்று கொடுத்தால் 30 மில்லிவினாடி. மைஎஸ்க்யூஎல்லில் வெயிட்_டைம்அவுட் (சும்மா இருக்கும் கனெக்ஷனை சர்வர் அறுக்கும் வரம்பு) வினாடியில், மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் (க்வெரி ஓடும் வரம்பு) மில்லிவினாடியில். வெயிட்_டைம்அவுட் இயல்பாக 28,800 வினாடி, எட்டு மணி நேரம். அதைக் குறைத்தால், பூல் தன் கனெக்ஷன்களை அதற்கு முன்பே கைவிடும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் சர்வர் அறுத்துவிட்ட கனெக்ஷன் ஒன்று யாரோ ஒருவர் கைக்குப் போகும்.

போஸ்ட்கிரெஸில் டேபிளின் வடிவத்தை மாற்றும் ஸ்கிரிப்டை லாக்_டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் வரம்பு) வைக்காமல் ஓட்டாதீர்கள். ஆல்டர் டேபிள் ஒரு நீண்ட க்வெரிக்காகக் காத்திருக்கும்போது, அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்டுகளும் வரிசையில் நின்றுவிடும். இரண்டு வினாடியில் விட்டுவிட்டு மறுபடி முயல்வது எவ்வளவோ மேல்.

கடைசியாக, சோதிக்கும் இடம். எஸ்க்யூஎல் சர்வரில் க்வெரி ஓட்டிப் பார்க்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ இயல்பாக அரித்அபார்ட்டை (கணக்குப் பிழையில் க்வெரியை நிறுத்தும் அமைப்பு) இயக்கி வைக்கிறது, பல செயலி டிரைவர்கள் வைப்பதில்லை. அமைப்பு வேறானால் ப்ளானும் (க்வெரியை எப்படி ஓட்டுவது என்று சர்வர் போடும் திட்டம்) தனித்தனியாகச் சேமிக்கப்படும். அதனால்தான் ‘என் திரையில் வேகமாக ஓடுகிறது, செயலியில் இழுக்கிறது’ என்ற நிலை வருகிறது. உங்கள் கருவியின் செஷன் செயலியின் செஷன் அல்ல. மைஎஸ்க்யூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் வேரியபிள்ஸ்_பை_த்ரெட் அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும் மற்ற செஷன்களின் மதிப்புகளைக் காட்டும். போஸ்ட்கிரெஸில், கனெக்ஷன் எடுக்கும்போதே செயலிக்குள்ளிருந்து ஷோ கட்டளையை ஓட்டி லாகில் பதியவைக்கிறேன். டைம்அவுட், வொர்க்_மெம், நேர மண்டலம், சர்ச்_பாத் (டேபிளை எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல்) ஆகிய நான்கும் ஒரே வரியில், கனெக்ஷனின் பிராசஸ் எண்ணோடு.