மொசார்ட் வயதைச் சொல்லும் கே. எண்

மேற்கத்திய இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசைக்குப் பக்கத்தில் ‘கே.’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள் அல்லவா, அதை 25-ஆல் வகுத்து 10 கூட்டுங்கள், அந்த இசையை எழுதியபோது அவருக்கு என்ன வயது என்று ஏறக்குறைய வந்துவிடும். 40-ஆம் சிம்பொனி கே. 550. 22-உடன் 10 சேர்த்தால் 32. அவர் பிறந்தது 1756-இல், சிம்பொனி 1788-இல், சரியாகப் பொருந்துகிறது. கடைசியில் முடிக்காமல் விட்டுப்போன ரெக்வியம் (இறந்தோருக்கான வழிபாட்டு இசை), கே. 626, அதற்கு 35 வருகிறது. அந்த வயதில்தான் இறந்தார்.

கோஷெல் என்ற ஆஸ்திரியர் (தாவரவியலிலும் ஆர்வம் கொண்டவர், வகைப்படுத்தும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம்) 1862-இல் வெளியிட்ட மொசார்ட் படைப்புப் பட்டியலின் எண்தான் இந்தக் ‘கே.’, அதில் எல்லாவற்றையும் எழுதப்பட்ட கால வரிசையில் அடுக்கினார், மொசார்ட்டும் பத்து வயதுக்குப் பிறகு சராசரியாக வருடத்துக்கு 25 என்ற கணக்கில் எழுதித் தள்ளியிருக்கிறார், அதனால்தான் இது வேலை செய்கிறது.

கே. 100-க்குக் கீழே இதை நம்ப வேண்டாம். கோஷெல் காலத்தைத் தவறாகக் கணித்த இடங்களிலும் சறுக்கும்: கொம்பு இசைக்கருவிக்கான கே. 412 கான்செர்ட்டோவுக்கு (தனி வாத்தியம் இசைக்குழுவுடன் வாசிக்கும் படைப்பு) 26 என்று வரும், உண்மையில் அது 1791-ஐச் சேர்ந்தது. பாக் என்ற இசையமைப்பாளரின் படைப்புப் பட்டியலில் உள்ள பி.டபிள்யூ.வி. எண்கள் இசை வகைப்படி அடுக்கியவை, அவற்றில் காலத்தைத் தேடவே முடியாது. பல இசையமைப்பாளர்களின் படைப்புகளுக்கு இடப்படும் ஓபஸ் எண்ணோ பெரும்பாலும் அச்சான வரிசைதான், உதாரணமாக பீத்தோவனின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை முதலாவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்.