உக்ரைனில் உங்கள் பெயர் கணேசனாகவே இருக்கட்டும்

உக்ரைனுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் எத்தனை ஸ்வெட்டர் வேண்டும், எந்தக் கடையில் அரிசி கிடைக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறார்கள். பெயரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆறு வருடம் படித்து வாங்கிய பட்டயத்தில் 'ஹனேசன்' என்று இருக்க, பாஸ்போர்ட்டில் 'கணேசன்' என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியது அந்தப் பிள்ளைதான். முதல் வாரத்திலேயே தடுத்துவிடக்கூடிய தொல்லை இது.

மற்ற நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போர் நடக்கும் நாடு என்று தெரிந்துதான் வருகிறீர்கள். 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானம் கிடையாது; போலந்து, ருமேனியா, மால்டோவா வழியாகத் தரைமார்க்கமாகத்தான் நுழைய வேண்டும். நீண்டகாலம் தங்குவதற்கான 'டி' வகை விசாவில் வந்ததும் பாஸ்போர்ட்டை மொழிபெயர்த்து நோட்டரியிடம் சான்று வாங்குங்கள். அதை வைத்து 10 இலக்க வரி எண், பிறகு வங்கிக் கணக்கு. தற்காலிக வசிப்பு அட்டைக்கு, தங்க அனுமதித்த காலம் முடிய 15 வேலைநாள் இருக்கும்போதே மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஊரடங்கு நேரத்தில் வெளியே நிற்காதீர்கள். சோதனைச் சாவடியைப் படம் எடுக்காதீர்கள். வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலியை ஃபோனில் ஏற்றிவிட்டுப் படுங்கள்.

வினை ஆரம்பிப்பது அந்த மொழிபெயர்ப்பாளரின் மேசையில்.

உக்ரைனிய நெடுங்கணக்கின் 33 எழுத்துகளில் 'ஹெ', 'கெ' என்று இரண்டு உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். 'கெ'யின் மேல்முனையில் மட்டும் ஒரு சின்னக் கொம்பு. கொம்பில்லாதது ஹகர ஓசை, கொம்புள்ளது ஆங்கிலத்தில் கணேசனை எழுதத் தொடங்கும் 'ஜி' எழுத்தின் ககர ஓசை. அயல்நாட்டு ஆள்பெயரில் வரும் 'ஜி'யை இந்த இரண்டில் எதனாலும் எழுதலாம் என்று 2019-இன் எழுத்துவிதி அனுமதிக்கிறது. அதனால் கொம்பில்லாததைப் போட்ட மொழிபெயர்ப்பாளர்மேல் குற்றம் சொல்ல முடியாது. படிப்பவர்கள் 'ஹனேசன்' என்பார்கள். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த அலுவலகத்தில் யாரோ அதை மீண்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுவார்கள். 2010-இல் அமைச்சரவை போட்ட 55-ஆம் எண் தீர்மானத்தின் அட்டவணைப்படி கொம்பில்லாததற்கு 'எச்'. 'ஜி'யில் தொடங்கிய பெயர் 'எச்'சில் தொடங்கிவிடும்.

இதே போக்கில் ஐந்தெழுத்து விஜய் 'வி-ஐ-டி-இசட்-எச்-ஏ-ஐ' என்று ஏழெழுத்தாகத் திரும்பி வருவார். கயல்விழியின் நடுவில் இருக்கும் 'ஒய்-ஏ' 'ஐ-ஏ' ஆகிவிடும். (அவள் பெயரின் ழகரத்தை யாரும் சரியாக ஒலிக்கப்போவதில்லை, ஆனால் 'இசட்-எச்' மட்டும் போன மாதிரியே திரும்பி வரும்.) முத்துக்குமாரின் 'டி-எச்'சை ஒருவர் வெறும் தகரமாக எழுதுவார், இன்னொருவர் தகரத்தோடு 'ஹெ' சேர்ப்பார், மூன்றாமவர் தொண்டையில் உரசும் 'ஹா' எழுத்தைப் போடுவார். மூன்று கடைக்குப் போனால் மூன்று முத்துக்குமார்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரே மொழிபெயர்ப்பாளர், ஒரே எழுத்துக்கூட்டல். நோட்டரிக்குப் போகும் முன் வரைவை வாங்கி, பெயரை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கணேசனில் வரும் அந்த 'ஜி' ஓசை இருந்தால் கொம்பு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டரி பொதுவாக மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்குத்தான் சான்று தருகிறார், உங்கள் பெயரின் எழுத்துக்கு அல்ல. தாள்களை நூலால் தைத்து முத்திரை வைத்த பிறகு திருத்த வழியில்லை. முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும், காசும் புதிதாக. சரியானதும் ஒரே மூச்சில் நான்கு பிரதி எடுத்து, வரி அலுவலகம், குடியேற்ற அலுவலகம், வங்கி, பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் அதையே கொடுங்கள். ஆங்கில எழுத்தில் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். உக்ரைனியத்திலிருந்து மாற்றி எழுத விடாதீர்கள்.

ஒரு கொம்புக்கா இவ்வளவு என்று தோன்றலாம். அந்தக் கொம்புக்காக இந்த நாட்டில் ஆட்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1928-இன் எழுத்துவிதி இரண்டு எழுத்துகளையும் தெளிவாகப் பிரித்து வைத்தது. அதற்குத் துணைநின்ற சோவியத் உக்ரைனின் கல்வி ஆணையர் மிக்கோலா ஸ்க்ரிப்னிக், உக்ரைனியத்தை ரஷ்ய மொழியிலிருந்து விலக்கச் சதி செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1933 ஜூலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு 'கெ' நெடுங்கணக்கிலிருந்து தூக்கப்பட்டது. கிராமங்களில் தானியத்தைப் பறித்து லட்சக்கணக்கானவர்களைப் பட்டினியில் சாகவிட்ட ஹோலோடோமோரும் அதே 1932–33-இல்தான். எழுத்து 1990-இல் திரும்பி வந்தது. பட்டினியில் மாண்டவர்களின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் நான்காம் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஜன்னல்களில் மெழுகுவத்தி எரியும். உங்கள் அறை ஜன்னலிலும் ஒன்று வையுங்கள்.

'ரஷ்ய மொழி தெரிந்தால் போதும்' என்று இன்னும் சொல்லித்தரும் ஏஜென்டுகள்மேல் கோபம் வருவது இதனால்தான். உக்ரைனிய நூல்கள் அச்சாவதை ரஷ்யப் பேரரசு 1863-இல் முடக்கியது, 1876-இல் இன்னும் இறுக்கியது. 2019-இன் மொழிச் சட்டப்படி 2021 ஜனவரி 16 முதல் கடை, உணவகம், மருந்தகம் எங்கும் முதல் பேச்சு உக்ரைனியத்தில்தான். ஹார்கிவிலும் ஒடேசாவிலும் வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்த பலர் 2022-க்குப் பிறகு தாங்களாகவே மாறிக்கொண்டார்கள். அவர்களிடம் ரஷ்ய மொழியில் 'ஸ்பாசீபா' என்று நன்றி சொல்லி நிற்காதீர்கள். உக்ரைனியத்தில் 'தியாகுயு' என்று சொல்லுங்கள், முகம் மலரும். 1965-இன் இந்தி எதிர்ப்புக் கதை கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி அப்பா பெயர். இங்கே ஒருவருக்குக் குடும்பப்பெயர், சொந்தப்பெயர், 'பொ பாட்கோவி' என்று மூன்று. கடைசியது தந்தை பெயரிலிருந்து வருவது: இவானின் மகன் இவானோவிச், மகள் இவானிவ்னா. நம் இன்ஷியலுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம் போல் தெரிவதால், படிவத்தில் அந்தக் கட்டத்தைக் கண்டதும் நம்மவர்கள் அப்பா பெயரை ஆசையாக எழுதிவிடுகிறார்கள். எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கும்போது இங்கே வேறு கட்டத்தில் நுழைந்தால் மறுபடியும் இரண்டு ஆள். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போதும். மரபில் அப்படி ஒரு பெயர் இல்லாதவருக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

ஆசிரியரைக் கூப்பிடும்போது மட்டும் அவருடைய அப்பா பெயர் கட்டாயம் வேண்டும்: 'ஒக்சானோ இவானிவ்னோ'. ஒக்சானா ஏன் ஒக்சானோ ஆனார் என்றால், உக்ரைனியத்தில் விளி வேற்றுமை உண்டு. நமக்கு எட்டாவது, அவர்களுக்கு ஏழாவது. சோவியத் கால இலக்கணங்கள் அதை வேற்றுமையாகக் கணக்கில் எடுக்காமல் வெறும் 'விளி வடிவம்' என்று ஒதுக்கின. மெய்யில் முடியும் பல ஆண்பெயர்களோடு ஏகாரம் சேரும்: இவான், இவானே. முருகன் என்ற பையனை வகுப்பில் 'முருகனே' என்றுதான் அழைப்பார்கள். ஊர் நினைவில் நெஞ்சு அடைக்கும் அந்த முதல் குளிர்காலத்தில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது தெரியும்.

வீட்டு ஒப்பந்தத்தில் தெருப் பெயரையும் பாருங்கள். 2015-இன் சட்டத்துக்குப் பிறகு சோவியத் பெயர்கள் வரிசையாக மாறின. த்னிப்ரோபெட்ரோவ்ஸ்க் 2016-இல் த்னிப்ரோ ஆனது. 2022-க்குப் பிறகு ரஷ்யப் பெயர்களும் போயின. பழைய பெயரோடு ஒப்பந்தம் போட்டால் முகவரிப் பதிவில் சிக்கும்.

கடைசி ஆண்டில், பட்டயம் அச்சுக்குப் போகும் முன் டீன் அலுவலகத்தில் பெயர் வரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உக்ரைனிய வரியில் வசிப்பு அட்டையில் உள்ள அதே எழுத்து, ஆங்கில வரியில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை விழுந்த பட்டயத்தில் ஓர் எழுத்தை மாற்ற, பட்டயத்தையே புதிதாக வாங்க வேண்டும்.