கடுங்குளிரில் தீத்தடுப்புக் கண்ணாடி: தேர்வில் நடக்கும் தவறுகள்

தீத்தடுப்புக் கண்ணாடியைச் சோதிக்கும் உலை, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 945 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். உலை இருக்கும் கூடத்துக்கும் ஐரோப்பியத் தரநிலையில் ஒரு விதி உண்டு: சோதனை தொடங்கும்போது அங்கே 10 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆக, சான்றிதழ் சொல்வது இவ்வளவுதான்: இதமான அறையில், புதிதாகப் பொருத்திய கண்ணாடி, தீயை இத்தனை நிமிடம் தாங்கியது. மைனஸ் 40 டிகிரியில் பத்துக் குளிர்காலம் கழிந்த பிறகு அதே கண்ணாடி எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இருக்காது. ரஷ்யாவின் யாகுட்ஸ்க், கனடாவின் யெல்லோநைஃப் மாதிரியான ஊர்களில் கட்டுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தீயைப் பற்றிய கேள்விகளை எல்லாம் கேட்டுவிடுகிறார்கள். தீ வரும் நாள்வரை கண்ணாடி பழுதில்லாமல் இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு.

நிமிடக் கணக்கை மட்டும் பார்ப்பது

"60 நிமிடக் கண்ணாடி வேண்டும்" என்று ஆர்டர் கொடுப்பது பாதிச் செய்திதான். எதை 60 நிமிடம் தடுக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. ஐரோப்பிய வகைப்பாட்டில் 'ஈ' என்றால் தீச்சுவாலையும் சூடான வாயுவும் மறுபக்கம் போகாது. வெப்பம் தாராளமாகப் போகும். 'ஈடபிள்யூ' என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் உணரும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்டைத் தாண்டாது. 'ஈஐ' என்றால் மறுபக்கக் கண்ணாடியின் சூடு, தொடக்க வெப்பநிலையைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் கூடாது. எந்த ஒரு புள்ளியிலும் இந்த ஏற்றம் 180 டிகிரியைத் தாண்டக்கூடாது.

மிதமான நாட்டில் தீப்பிடித்தால் எல்லோரும் வாசலைத் தாண்டி வெளியே ஓடிவிட்டால் பெரும்பாலும் தப்பித்த மாதிரி. மைனஸ் 40 டிகிரியில், வீட்டு உடுப்போடு வெளியே நிற்பது இன்னொரு ஆபத்து. அதனால் பக்கத்துப் பகுதி, இணைப்பு நடைவழி, சூடேற்றிய முன்கூடம் இவற்றில்தான் மக்கள் ஒதுங்கி நிற்பார்கள். அந்த இடங்களில் செலவைக் குறைக்க 'ஈ' வகையைப் போடுவது, என் பார்வையில், இந்தப் பட்டியலிலேயே மோசமான சிக்கனம். கண்ணாடி உடையாமல் நிற்கும், ஆனால் அதன் பின்னால் மனிதர் நிற்க முடியாது.

நடு அடுக்கு எவ்வளவு குளிர் தாங்கும் என்று கேட்காதது

'ஈஐ' வகைக் கண்ணாடி பெரும்பாலும் வெறும் கண்ணாடி அல்ல. பல கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சோடியம் சிலிகேட் போன்ற, நீரைத் தன்னுள் வைத்திருக்கும் அடுக்கோ ஜெல்லோ இருக்கும். தீயில் 100 டிகிரியைத் தாண்டியதும் அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். அடுக்கு நுரைத்து வெண்மையாகி மறைப்புச் சுவராக மாறும். வேலை செய்வதே அந்த நீர்தான். குளிரில் முதலில் கவலைப்பட வேண்டியதும் அந்த நீரைப் பற்றித்தான்.

இந்த அடுக்குகளுக்கு உற்பத்தியாளர்கள் ஒரு வெப்பநிலை எல்லை கொடுப்பார்கள். கீழ் எல்லை மைனஸ் 10 டிகிரியோடு நின்றுவிடுபவையும் உண்டு, மைனஸ் 40 வரை போகிறவையும் உண்டு. இரண்டுக்கும் தீச்சான்றிதழில் ஒரே எழுத்து, ஒரே நிமிடம். எல்லைக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் அடுக்கு மங்கலாம், குமிழி விடலாம், ஓரத்தில் கண்ணாடியை விட்டுப் பிரியலாம். லேமினேட் கண்ணாடியின் (தகடுகளை நடு அடுக்கால் ஒட்டிய கண்ணாடியின்) நீடிப்புக்கான சர்வதேசச் சோதனைகளைக் காட்டி "எல்லாம் சோதித்தாயிற்று" என்று விற்பவர் சொல்வதுண்டு. அந்தச் சோதனைகள் சூடு, ஈரப்பதம், ஒளி இந்த மூன்றையும் பார்க்கின்றன. கடுங்குளிர் அதில் இல்லை. எனவே தொழில்நுட்பத் தாளில் உள்ள கீழ் எல்லையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் தொடர்ந்து அந்தக் குளிரில் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மேல் எல்லையையும் மறக்கக்கூடாது. அது பொதுவாக 45, 50 டிகிரி அளவில் இருக்கும். குளிர் நாட்டில் இது எங்கே வரப்போகிறது என்று தோன்றும். கண்ணாடிக்கு நேர் கீழே ஹீட்டர், சூடான காற்றை நேராகக் கண்ணாடி மேல் ஊதும் குழாய், உள்ளே கனத்த திரை என்று அமைத்தால் வெயில் நாளில் எளிதாக வந்துவிடும். புற ஊதாக் கதிரும் அப்படித்தான். புதுப் பனி அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும் என்பதால், குளிர்காலக் கடைசியில் கண்ணாடிக்கு வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் இரண்டு மடங்கு அடி. உட்புறப் பயன்பாட்டுக்கென்று செய்த வகையை வெளிச்சுவரில் வைத்தால் அடுக்கு பால் நிறமாகிவிடும். வெளிப்புற வகையில் புற ஊதாவை வடிகட்டும் அடுக்கு ஒன்று சேர்ந்திருக்கும். அது எந்தப் பக்கம் என்று கண்ணாடியில் குறியிட்டிருப்பார்கள். அதைத் திருப்பி மாட்டினால் வாங்கியதே வீண்.

எந்தத் தகடு உள்ளே, எந்தத் தகடு வெளியே

ஒற்றைத் தீக்கண்ணாடியை வெளிச்சுவரில் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 30. வெப்பக் கடத்து மதிப்பு (குறையக் குறைய வெப்ப இழப்பும் குறைவு) 5.7 உள்ள சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் உட்புற மேற்பரப்பு ஏறக்குறைய மைனஸ் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். பருமனான தீக்கண்ணாடி இதைவிடக் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். அறையில் 40 சதவீத ஈரப்பதம் இருந்தால் 7 டிகிரியிலேயே நீர் கோக்க ஆரம்பிக்கும். ஆக, உள்பக்கம் முழுக்க உறைபனி படியும். பகலில் அது உருகிக் கீழ்ச் சட்டத்தில் தேங்கும்.

தேங்கும் நீர்தான் இங்கே உண்மையான எதிரி. சிலிகேட் அடுக்கு நீரைக் கண்டால் கரையும். அதனால்தான் தகட்டின் விளிம்பைச் சுற்றி அலுமினிய டேப் ஒட்டி அனுப்புகிறார்கள். அந்த டேப் ஒரு இடத்தில் கிழிந்திருந்தால் போதும், ஓரத்திலிருந்து உள்ளே ஈரம் ஏறும். நீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும் என்பதால் சட்டத்தின் பள்ளத்தில் தேங்கியது பனிக்கட்டியாகி விளிம்பையே நெம்பும். கண்ணாடியைத் தாங்கும் கட்டைகள் அதை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும், வடிகால் துளைகள் திறந்திருக்க வேண்டும். இரண்டுமே சில்லறைச் செலவு.

ஆகவே இரட்டை அல்லது மூன்றடுக்குக் கண்ணாடி தேவை. வெப்பத்தை அறைக்கே திருப்பும் லோ-ஈ பூச்சும் ஆர்கான் வாயுவும் சேர்ந்து வெப்பக் கடத்து மதிப்பு 1.1 ஆகக் குறைந்தால், அதே வானிலையில் உட்புற மேற்பரப்பு 13, 14 டிகிரியில் நிற்கும். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. தீத்தடுப்புத் தகடு வெளியே இருந்தால் அது ஏறக்குறைய மைனஸ் 28 டிகிரியில் இருக்கும். உள்ளே இருந்தால் அறையின் சூட்டை ஒட்டி இருக்கும். ஒரே கண்ணாடி, ஒரே சுவர், 40 டிகிரி வித்தியாசம். முடிந்தவரை உள்ளே வைப்பதுதான் சரி. ஆனால் இதை நாமே வரைபடத்தில் திருப்பிப் போட்டுவிட முடியாது. எந்தப் பக்கத்துத் தீக்கு, எந்த வரிசையில் அடுக்கிச் சோதித்தார்கள் என்று வகைப்பாட்டு அறிக்கையில் இருக்கும். அந்த வரிசைக்கு மட்டும்தான் மதிப்பு. பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது, தகடுகளுக்கு இடையே ஓரத்தில் வைக்கும் பட்டையான ஸ்பேசர் எஃகா பிளாஸ்டிக்கா என்பதும் இதில் அடங்கும். தீச்சான்றிதழ் உள்ள ஒற்றைக் கண்ணாடியை வாங்கி, குளிருக்காக உள்ளூரில் இன்னொரு கண்ணாடியைச் சேர்த்து மூடிக்கொள்வது பலர் செய்யும் காரியம். சோதிக்கப்பட்ட பொருள் அதோடு காணாமல் போய்விடுகிறது.

சின்னக் கண்ணாடி பத்திரமானது என்று நம்புவது

இரட்டைக் கண்ணாடியின் நடுவே உள்ள வாயுவைத் தொழிற்சாலையில் சுமார் 20 டிகிரியில் அடைக்கிறார்கள். வெளியே மைனஸ் 30 ஆகும்போது அந்த வாயு சராசரியாக மைனஸ் 7 டிகிரிக்குப் போய் ஏறக்குறைய 9 சதவீதம் சுருங்கப் பார்க்கும். இரண்டு தகடுகளும் உள்வாங்கி அதற்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சதுர மீட்டருக்கு 900 கிலோ எடை வைத்தது போன்ற அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றுச் சுமையைப் போலப் பல மடங்கு.

25 மி.மீ. பருமனுள்ள தீக்கண்ணாடி அசைந்துகொடுக்காது. அதனால் வளைவது முழுக்க அதோடு சேர்த்து அடைத்த மெல்லிய துணைத் தகட்டின் தலையில் விழுகிறது. பெரிய தகடாக இருந்தால் அது நடுவில் குழிந்து சமாளித்துவிடும். கதவுகளில் வைக்கும் ஒடுக்கமான நீளக் கண்ணாடியில் எதுவும் வளைய முடியாது. தகடு வெடிக்கும், இல்லையென்றால் ஓரத்து ஒட்டுப்பொருள் விட்டுக்கொடுத்து ஈரம் உள்ளே வரும். பல வடிவமைப்பாளர்கள் பெரிய கண்ணாடிக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டுச் சின்னதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். போட வேண்டியது தலைகீழ். ஒடுக்கமான அளவுகளில் இடைவெளியைக் குறைத்து, துணைத் தகட்டை டஃபன்டு கண்ணாடியாக (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவூட்டியதாக)க் கேட்பது நல்லது. சாதாரணக் கண்ணாடி, நடுவுக்கும் விளிம்புக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடக்கூடும். டஃபன்டு வகை 200 டிகிரி வரை தாங்கும். காலை வெயில் நடுவில் அடிக்க, விளிம்பு உறைந்த சட்டத்துக்குள் புதைந்திருக்கும் சுவரில் இந்த வித்தியாசம் தேவைப்படும்.

கம்பி வலைக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பி அதற்கு வலிமை தரவில்லை; உடைந்தபின் துண்டுகளைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெட்டிய விளிம்பில் கம்பி ஈரத்தில் துருவேறிப் பருத்துக் கண்ணாடியில் விரிசல் விடவைக்கும். குளிர்ச்சுவருக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

சட்டமும் ஒட்டும்

எஃகின் வெப்பக் கடத்துத்திறன் ஏறக்குறைய 50. வெப்பத்தடைக்காகச் சட்டத்தின் நடுவில் வைக்கும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் பட்டைக்கு அதே அளவு 0.3. எனவே வெப்பத்தடை இல்லாத எஃகுச் சட்டத்தில், எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் விளிம்பு உறையும். அதற்காகக் கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பத்தடைச் சட்டத்தை மாற்றி வைக்கவும் கூடாது. தீயில் பாலிஅமைடு உருகிவிடும். அலுமினியமே 660 டிகிரியில் உருகும். தீக்கென்று செய்த வெப்பத்தடைச் சட்டங்களில் வெப்பத்தை உறிஞ்சும் பொருளை உள்ளே நிரப்பியிருப்பார்கள். அதைத்தான் தேட வேண்டும்.

மைனஸ் 40 முதல் பிளஸ் 40 வரை போனால் 3 மீட்டர் அலுமினியம் 5.5 மி.மீ. நீள்கிறது, எஃகு 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, சாதாரணக் கண்ணாடி 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக. தீத்தடுப்புக்குப் பயன்படும் கண்ணாடி-செராமிக் அநேகமாக அசையவே அசையாது. இந்த வித்தியாசத்துக்கு இடம் விடாமல் இறுக்கினால் கடுங்குளிரில் சட்டம் சுருங்கிக் கண்ணாடியை நெரிக்கும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கெட் பிவிசியாக இருந்தால் குளிரில் விறைக்கும். சிலிக்கோன், ஈபிடிஎம் ரப்பர் இரண்டும் மேல். சரி, நல்லதாக மாற்றிவிடலாமா என்றால், அதற்கும் சோதனை அறிக்கையில் பெயர் இருக்க வேண்டும்.

தீக்கண்ணாடிக்குப் பதிலாகத் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் வைத்துக்கொள்ளச் சில நாட்டு விதிகள் இடம் தருகின்றன. நீர் நிறைந்த குழாய் 4 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் அந்த வழி அடைபட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் காலத்தை மறப்பது

தீத்தகட்டை உள்ளே வைத்தோம், அறை சூடாக இருக்கும், கவலையில்லை என்ற கணக்கெல்லாம் ஹீட்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் பொருந்தும். இலையுதிர் காலத்தில் கண்ணாடி பொருத்தி, வெப்ப அமைப்பு அடுத்த வசந்தத்தில்தான் வரும் என்றால், அந்த ஒரு குளிர்காலம் முழுக்க எல்லாத் தகடும் வெளிக்குளிரில் கிடக்கும். மைனஸ் 10 எல்லையுள்ள வகை, கட்டடம் திறப்பதற்கு முன்பே கெட்டுவிடலாம். அப்புறம் வேலையை முடிக்கும் அவசரத்தில் பெரிய ஊதுகலன்களைக் கொண்டுவந்து உறைந்த கண்ணாடி மேல் நேராகத் திருப்புவார்கள். மிச்சம் இருந்ததும் போகும். சிலிக்கோன் பூசும் வேலையும் இப்படித்தான். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்தால் ஒட்டாது, வசந்தத்தில் தானாக உரிந்து வரும். ஆர்டர் கொடுக்கும்போதே கட்டுமானக் கால அட்டவணையைக் கண்ணாடி விற்பவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உதிரித் தகடுகளையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கண்ணாடியைக் கட்டுமான இடத்தில் வெட்ட முடியாது. அளவுக்குச் செய்தே வர வேண்டும். நடுக்குளிர்காலத்தில் ஒன்று உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அதுவரை அந்தத் திறப்பில் அடிக்கும் ஒட்டுப்பலகைக்குத் தீமதிப்பு கிடையாது. அதிகம் அடிபடும் கதவுகளின் அளவில் ஒன்றிரண்டு தகடுகளைச் செங்குத்தாக, உலர்ந்த, சூடேற்றிய அறையில் வைத்திருங்கள். வெளிக்கொட்டகையில் வைத்தால் தேவைப்படும்போது அவையும் மங்கிப் போயிருக்கும்.